வாசற்படி வரை வந்த சட்டம்

1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து, பிட்டி. தியாகராயர் பெயரில் நம் நகர் உருவானபோது, இங்கே எழுந்தவை பெரும்பாலும் தோட்டத்துடன் கூடிய தனி வீடுகள். 1970களுக்குப் பிறகு அவை ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு அடுக்குமாடிகளாயின. பல கட்டடங்களில் இரண்டு, மூன்று மாடி இருந்தும் லிஃப்ட் கிடையாது. முப்பது வயதில் அங்கே ஃபிளாட் வாங்கியவர்களுக்கு இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. படிகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

மாற்றுத்திறனாளிகளுக்கான முதல் விரிவான சட்டத்தை நாடாளுமன்றம் 1995இல் இயற்றியது. 1996 பிப்ரவரி 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பொதுக் கட்டடங்களில் சாய்தளம், சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை, லிஃப்டில் பிரெய்ல் எழுத்து எல்லாம் அதில் இருந்தன. ஆனால் "பொருளாதார வசதிக்கு உட்பட்டு" என்ற ஒரு நிபந்தனையும் கூடவே இருந்தது. அந்த நிபந்தனையே பலருக்கும் சாக்காகிவிட்டது.

2007 அக்டோபர் 1 அன்று ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா ஏற்றது. அதன் விளைவுதான் 2017 ஏப்ரல் 19இல் நடைமுறைக்கு வந்த 2016ஆம் ஆண்டுச் சட்டம். அங்கீகரிக்கப்பட்ட குறைபாடுகள் 7இலிருந்து 21 ஆயின. "நியாயமான வசதி ஏற்பாடு" என்ற கருத்தும் சட்டத்துக்குள் வந்தது. பிறர் மீது அளவுக்கு மீறிய சுமை ஏற்றாமல், ஒருவருக்குத் தேவையான மாற்றத்தைச் செய்து தருவது என்பது இதன் பொருள். "தனியார் நிறுவனம்" என்பதற்கு இந்தச் சட்டம் தரும் விளக்கத்தில் சங்கங்களும் அடங்கும்.

ஆனால் ஏற்கெனவே உள்ள கட்டடங்களை ஐந்தாண்டில் மாற்றியமைக்கச் சொல்லும் பிரிவு, பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்களை மட்டுமே குறிக்கிறது. பள்ளி, மருத்துவமனை, கடை, ரயில் நிலையம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. குடியிருப்பு இல்லை. கட்டட விதிகளும் புதிய கட்டடங்களையே முதலில் பார்க்கின்றன. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்றது. பார்வைக் குறைபாடுள்ள அவர் 2005இல் தொடுத்த வழக்கு அது.

இதற்கிடையே வெளியில் சில மாற்றங்கள் வந்தன. 2019இல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை. 2022இல் மெரினாவில் கடலருகே செல்ல மரப்பாதை. 2023இல் மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து நம் பேருந்து நிலையம் வரை லிஃப்டுடன் ஆகாய நடைபாதை. சக்கர நாற்காலியில் இருப்பவர் இனி அலையருகே போகலாம். தம் இரண்டாவது மாடியிலிருந்து இறங்கத்தான் வழியில்லை.

அமெரிக்கா இந்த இடைவெளியை 1988இல் அடைத்தது. வீட்டுவசதிச் சட்டத்தில் மாற்றுத்திறனாளிகளைச் சேர்த்து, குடியிருப்புச் சங்கங்களையும் அதற்குக் கட்டுப்படுத்தியது. விதியைத் தளர்த்தக் கேட்டால், உதாரணமாக வாசலருகே பார்க்கிங் கேட்டால், நியாயமான காரணமின்றி மறுக்க முடியாது. பொது இடத்தில் தம் செலவில் சாய்தளம் போடக் கேட்டாலும் அப்படித்தான்.

நம் சங்கங்கள் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பார்க்கிங்கை மாற்றிக்கொள்ளச் செலவே இல்லை. வாசலில் இரண்டு படி, ஒரு அடி உயரம் என்றால், 1:12 என்ற அளவில் 12 அடி நீளச் சாய்தளம் போதும். புதிதாக லிஃப்ட் வைப்பது பெரிய வேலைதான். கட்டடத்தின் உறுதி, அனுமதி, செலவுப் பங்கீடு எல்லாம் பார்க்க வேண்டும். அதையும் பேசத் தொடங்கலாம்.

"இதுவரை யாரும் கேட்கவில்லையே" என்று பொதுக்குழுவில் சொல்வதுண்டு. பொதுக்குழு பல இடங்களில் மொட்டை மாடியில்தான் நடக்கிறது. கேட்க வேண்டியவர் அங்கே ஏறி வர முடியாது. அடுத்த கூட்டத்தையாவது தரைத்தளத்தில் வைப்போம்.