இசைத்தட்டிலும் பாடபேதம்



கொல்கத்தாவில் வாழும் நம்மவர் ஃப்ரீ ஸ்கூல் தெருவை நன்கறிவர். இன்று அதற்கு மிர்ஸா காலிப் தெரு என்பது பெயர். பழைய இசைத்தட்டுகளை அடுக்கி வைத்து விற்கும் சிறு கடைகளால் அத்தெரு நெடுங்காலமாகப் புகழ் பெற்றது. மும்பையில் சோர் பஜாரும் அத்தகையதே. அவ்விடங்களில் ஒரு வகை மனிதரைக் காணலாம். அவர் தட்டை உறையினின்றும் உருவி, விளிம்பை இரு உள்ளங்கைகளாலும் தாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். பாடகர் பெயரையோ பாட்டின் பெயரையோ அவர் படிப்பதில்லை. நடுவில் ஒட்டிய லேபிளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் இடையே உள்ள வழவழப்பான வெளியில், மிகச் சிறியனவாகப் பொறித்த சில எழுத்துகளையும் எண்களையும் தேடுவார்.

அவரைக் கண்டு நகைப்பவர் பலர். “பாட்டு ஒன்றுதானே? எந்தத் தட்டில் கேட்டால் என்ன?” என்பது அவர்கள் வினா. வினா நியாயமானதே. மேனாட்டு ராக் இசையின் நெடுந்தட்டுகளைப் பல்லாண்டுகளாகச் சேகரித்து வரும் நாம் அதற்கு விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம். பாட்டு ஒன்றன்று என்பதே நம் விடை. ஒரே பெயரும் ஒரே அட்டைப்படமும் உடைய இரு தட்டுகளில் இரு வேறு வடிவங்கள் அடங்கியிருக்கக் கூடும். அவற்றுள் கலைஞர் மனமொப்பி வெளியிட்டது எது என்று தேர்வதே சேகரிப்பாளர் வேலை. இதனை வரலாற்றின் துணைகொண்டு விளக்க முயல்வோம்.

‘ஆல்பம்’ என்ற சொல்லிலிருந்தே தொடங்குவோம். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பழைய தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று அல்லது நான்கு நிமிட இசையே அடங்கும். நீண்ட இசையைப் பல தட்டுகளாகப் பகுத்து, உறைகளைப் புத்தகம்போல் தைத்து, ஒரே கட்டாக விற்றனர். புகைப்படம் ஒட்டும் ஆல்பத்தை அது ஒத்திருந்தமையால் அப்பெயர் வந்தது. அத்தட்டுகளின் பிசின் நம் நாட்டுச் சரக்கு. சோட்டா நாகபுரிக் காடுகளில் பலாச மரத்திலும் குசும மரத்திலும் அரக்குப் பூச்சிகள் சுரந்த அரக்கே கப்பலேறி, உலகின் இசையைத் தன்மீது தாங்கிற்று.

இரண்டாம் உலகப் போர் வந்தது. அரக்கு போர்த் தேவைக்கு வேண்டப்பட்டமையால், 1942-இல் அமெரிக்க அரசு இசைத்தட்டுகளுக்கு அதனைப் பயன்படுத்துவதை வெகுவாகக் குறைத்தது. மாற்றுப் பொருளாக வினைல் என்னும் பிளாஸ்டிக் முன்னுக்கு வந்தது. 1943 முதல் படைவீரருக்கென அனுப்பப்பட்ட தட்டுகளில் அது பயன்பட்டது. வினைலில் இரைச்சல் குறைவு. பள்ளத்தை நுண்ணியதாக வெட்டலாம். 1948 ஜூன் மாதத்தில் கொலம்பியா நிறுவனம் 12 அங்குல நெடுந்தட்டை நியூயார்க்கில் அறிமுகப்படுத்தியது. அது நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுழல்வது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் இசை கொள்வது. மறு ஆண்டே ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் 45 சுற்றுச் சிறு தட்டை வெளியிட்டது.

தொடக்கத்தில் ராக் இசைக்கு உரியதாயிருந்தது இந்தச் சிறு தட்டே. நெடுந்தட்டு வெளிவந்தாலும், பெயர்பெற்ற ஓரிரு பாட்டோடு இட்டு நிரப்பிய பிற பாட்டுகள் கொண்ட தொகுப்பாகவே அது பெரும்பாலும் அமைந்தது. பீட்டில்ஸ் குழுவினரின் முதல் நெடுந்தட்டு 1963-இல் வெளிவந்தது. அதன் 14 பாட்டுகளுள் 10 பாட்டுகள் அவ்வாண்டு பிப்ரவரி 11 ஆகிய ஒரே நாளில் பதிவாயின. 1966 ஆகஸ்டில் அக்குழுவினர் ஊர் ஊராகச் சென்று கச்சேரி செய்வதை நிறுத்திக்கொண்டனர். பின்னர், அவ்வாண்டு நவம்பர் முதல் மறு ஆண்டு ஏப்ரல் வரை லண்டன் ஆபி ரோடு ஒலிப்பதிவு நிலையத்தில் உழைத்து, ‘சார்ஜெண்ட் பெப்பர்’ என்று சுருக்கமாக வழங்கும் நெடுந்தட்டை உருவாக்கினர். மேடையில் பாடியதன் நினைவுச் சின்னமாக இருந்த தட்டு இப்போது தானே மேடையாயிற்று. பாட்டுகளின் வரிசையும், பக்கத்தைப் புரட்டும் இடைவெளியும், அட்டையில் அச்சிட்ட பாடல் வரிகளும் படைப்பின் உறுப்புகளாயின. இரண்டாம் பக்கம் ஜார்ஜ் ஹாரிசனின் பாட்டோடு தொடங்குகிறது. அதில் லண்டனில் வாழ்ந்த இந்திய இசைக் கலைஞர்கள் தில்ரூபாவும் தபலாவும் வாசித்தனர்.

இனி, தட்டு பிறக்கும் வகையைக் காண்போம். பல தடங்களில் பதிவான குரலையும் கருவிகளையும் அளவறிந்து கலந்து ஒரு மூல நாடா ஆக்குவர். அந்நாடாவின் ஒலியைக் கேட்டபடி வெட்டுநர் ஒருவர் லாக்கர் பூசிய தட்டில் பள்ளம் வெட்டுவார். அதன்மீது உலோகம் படிய வைத்து அச்சு எடுப்பர். அவ்வச்சால் வினைலை அழுத்தித் தட்டுகள் செய்வர். அச்சு தேய்ந்தால் புதிதாக எடுப்பர். சில வேளை மீண்டும் நாடாவிலிருந்தே வெட்டுவர். நாடா பிற நாட்டுக்குச் செல்லும்போது படி எடுத்து அனுப்புவர். ஒவ்வொரு படியிலும் ஒரு மனிதரின் செவியும் கையும் குறுக்கிடுகின்றன. ஓலைச்சுவடிகளைப் படியெடுத்த கதையும் இதுவே அன்றோ? சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்த டாக்டர் உ. வே. சாமிநாதையர் பல ஏடுகளைத் தேடி ஒப்பிட்டுப் பாடபேதம் கண்டார். லேபிளின் ஓரத்தில் எண்ணைத் தேடும் மனிதரும் தம் எளிய அளவில் அவ்வேலையையே செய்கிறார்.

நம் முதற் கருத்து: 1968-க்கு முற்பட்ட பீட்டில்ஸ் தட்டுகளை மோனோ வடிவில் கேட்பதே முறை. மோனோ என்பது எல்லா ஒலியும் ஒரே வழியாக வருவது. ஸ்டீரியோ என்பது இடம் வலம் எனப் பிரிந்து வருவது. பின்னதே உயர்ந்தது என்பது பொது எண்ணம். ஆனால் அக்கால இங்கிலாந்தில் பெரும்பாலோர் வீட்டில் இருந்தது மோனோக் கருவியே. ஆகவே ‘சார்ஜெண்ட் பெப்பர்’ தட்டின் மோனோக் கலவைக்கே குழுவினரும், தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் தம் உழைப்பையும் பொழுதையும் மிகுதியாகச் செலவிட்டனர். ஸ்டீரியோக் கலவை பின்னர்க் குழுவினர் உடனில்லாமல் சில நாளில் முடிக்கப்பட்டது. வீட்டை விட்டுச் செல்லும் பெண்ணைப் பற்றிய பாட்டு மோனோவில் சற்று விரைவாகவும் சுருதி உயர்ந்தும் ஒலிக்கும். ஸ்டீரியோவில் தாழ்ந்து மெல்ல நகரும். முன்னதில் அப்பெண்ணின் படபடப்பு உள்ளது. பின்னதில் பெற்றோரின் துயரமே விஞ்சி நிற்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்ட நாளில்தான் இது வெறும் தொழில்நுட்பப் பேச்சன்று என்பதை நாம் உணர்ந்தோம்.

இதனைச் சேகரிப்பாளர் பல ஆண்டு சொல்லி வந்தபோது செவிமடுத்தவர் சிலரே. 2009-இல் மோனோக் கலவைகள் ஒரு தொகுதியாகக் குறுந்தட்டில் மீண்டன. 2014-இல் பழைய நாடாக்களிலிருந்தே புதிய வினைல் தட்டுகள் வெட்டப்பட்டன. 2017-இல் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் புதிய ஸ்டீரியோக் கலவை அமைத்தபோது, பழைய மோனோவையே வழிகாட்டியாகக் கொண்டார். சேகரிப்பாளரின் பிடிவாதம் வீண்போகவில்லை.

இரண்டாவது சான்று அமெரிக்காவிலிருந்து. பீச் பாய்ஸ் குழுவின் ‘பெட் சவுண்ட்ஸ்’ 1966 மே மாதத்தில் வெளிவந்தது. அதனை உருவாக்கிய பிரையன் வில்சனுக்கு வலச் செவி பெரும்பாலும் கேளாது. அவர் மோனோவிலேயே கலந்தார். ஆயினும் நிறுவனத்தார் ஒரே ஒலியைச் செயற்கையாக இரு பக்கமும் வேறுபடுத்தி, ஒரு போலி ஸ்டீரியோத் தட்டையும் விற்றனர். உண்மையான ஸ்டீரியோக் கலவை 1997-இல்தான் வெளிவந்தது. அது தெளிவானது, ஒவ்வொரு கருவியையும் பிரித்துக் காட்டுவது. எனினும் பல கருவிகள் கூடிப் பெயரறியாத ஒரு புதுக் கருவியாய் ஒலிக்கும் அதிசயம் மோனோவிலேயே உண்டு என்பது நம் துணிபு.

மூன்றாவது, லெட் செப்பெலின் குழுவின் இரண்டாம் நெடுந்தட்டு. அது 1969 அக்டோபரில் வெளிவந்தது. அமெரிக்காவில் அதன் முதல் வெட்டைச் செய்தவர் ராபர்ட் லட்விக். கனத்த தாழ்சுருதி ஒலியைக் குறைக்காமல் அவர் பள்ளத்தில் இறக்கினார். அத்தகைய ஒலி பள்ளத்தைப் பெரிதாக வளைக்கும். மலிவான கருவிகளில் ஊசி துள்ளி வெளியேறிவிடும். அவ்வாறு நேர்ந்தமையால் அந்த வெட்டைக் கைவிட்டு, வலிமை குறைத்து மீண்டும் வெட்டினர். முதல் வெட்டின் தட்டுகளில் லேபிளின் அருகே ‘ஆர்.எல்.’ என்னும் முதலெழுத்துகள் இருக்கும். கடைத்தெரு மனிதர் தேடுவது இவை போன்ற குறிகளையே. அக்குறி அரிதென்பதால் மட்டும் நாம் அதைப் போற்றவில்லை. நால்வர் ஓர் அறையில் வாசித்த வேகம் அதில் குறையாமல் இருக்கிறது.

இங்கே சேகரிப்பாளரிடம் உள்ள ஒரு குற்றத்தையும் மறைத்தல் ஆகாது. அதுவே விலைப்பித்து. பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் ‘டார்க் சைட் ஆஃப் த மூன்’ 1973 மார்ச்சில் வெளிவந்தது. 1988 வரை அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 741 வாரம் இடம்பெற்றது. அதன் முதல் ஆங்கிலத் தட்டுகளின் லேபிளில் நீலம் நிரம்பிய முக்கோணம் உண்டு. பின் வந்தவற்றில் முக்கோணத்தின் கோடு மட்டுமே. அந்நீலத்துக்காகப் பன்மடங்கு விலை கொடுப்பர். ஒலியைத் தீர்மானிப்பது எந்த நாடாவிலிருந்து எவர் வெட்டினார், அச்சு எத்துணை தேய்ந்தது என்பனவே. லேபிளின் மை அன்று. உறை பிரியாத தட்டை இரும்புப் பெட்டியில் பூட்டி வைப்பவரை நாம் சேகரிப்பாளர் எனக் கொள்வதில்லை. தட்டு கேட்பதற்கென்றே பிறந்தது.

நம் நாட்டுக்கும் இவ்வரலாற்றில் ஒரு தனியிடம் உண்டு. கொல்கத்தாவை அடுத்த டம்டம் ஆலையில் இந்திய கிராமபோன் கம்பெனி பீட்டில்ஸ் தட்டுகளை அழுத்தி விற்றது. இங்கிலாந்தில் 78 சுற்றுத் தட்டு 1960-ஐ ஒட்டியே வழக்கொழிந்தது. நம் நாட்டிலோ மின்சாரமின்றிச் சாவி கொடுத்துச் சுழற்றும் கிராமபோன் பல வீடுகளில் இருந்தது. ஆகவே பீட்டில்ஸ் பாட்டுகள் சில 1960களின் நடுப்பகுதி வரை இங்கே அரக்குத் தட்டிலும் வெளிவந்தன. வில்லத்தில் ஓடும் கருவிக்கென அன்று எளிய விலையில் விற்ற அத்தட்டுகளை இன்று உலகெங்குமுள்ள சேகரிப்பாளர் நாடித் திரிகின்றனர்.

இவையெல்லாம் பொழுதுபோக்கின் நுணுக்கம் என்று விட்டுவிடலாமா? இல்லை. 2008 ஜூன் 1-ஆம் நாள் ஹாலிவுட்டில் யூனிவர்சல் வளாகத்தில் தீப்பற்றியது. அங்கிருந்த மூல நாடாக்கள் பல எரிந்தன என்பது 2019-இல்தான் பொதுமக்களுக்கு விரிவாகத் தெரிய வந்தது. எவ்வளவு அழிந்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மூல நாடா போனபின் அதற்கு மிக நெருங்கிய சான்று எது? யாரோ ஒருவர் வீட்டில் கீறலின்றிக் காத்து வைத்த முதல் தட்டே அன்றோ? 2020 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவில் லாக்கர் தட்டு செய்யும் ஆலை ஒன்று எரிந்தது. அத்தொழிலுக்கு உலகில் பெரிதும் எஞ்சியது ஜப்பானில் உள்ள ஓர் ஆலையே. 2022-இல் அமெரிக்காவில் வினைல் தட்டுகள் ஏறத்தாழ 4 கோடியே 10 லட்சம் விற்றன. குறுந்தட்டுகளோ 3 கோடியே 30 லட்சமே. 1987-க்குப் பின் எண்ணிக்கையில் வினைல் முந்தியது அப்போதுதான். இத்தனை பெரிய மறுமலர்ச்சி எவ்வளவு மெல்லிய இழையில் தொங்குகிறது, பாருங்கள்!

ஆதலின், பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு ஒரு வேண்டுகோள். உங்களுள் பலர் இளமையில் கொல்கத்தாவிலும் மும்பையிலும் டில்லியிலும் வேலைக்கு வந்தவர்கள். அல்லது அவர்தம் மக்கள். வீட்டுப் பரணில் தந்தையோ மாமாவோ வாங்கி வைத்த தட்டுகள் சில கிடக்கலாம். பழைய காகிதக்காரரிடம் எடை போடுமுன் ஒருமுறை உறையினின்றும் எடுத்துப் பாருங்கள். விளிம்பைப் பற்றித் தூக்குங்கள். பள்ளத்தில் விரல் படவேண்டா. படுக்க வைத்து அடுக்காமல் புத்தகம்போல் நிறுத்தி வையுங்கள். வெயிலும் வெப்பமும் அண்ட விடாதீர்கள். லேபிளின் ஓரத்தில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, ஒரு மாலை வேளையில், முதல் பக்கத்தின் முதல் பாட்டிலிருந்து தொடங்கி, இடையே தாண்டாமல், தட்டைப் புரட்டி இறுதிவரை கேளுங்கள்.

‘சார்ஜெண்ட் பெப்பர்’ தட்டின் ஆங்கில மூல வெளியீட்டில், கடைசிப் பாட்டின் நெடிய பியானோ ஒலி அடங்கியபின், உட்பள்ளத்தில் சிறு குரற்கலப்பு ஒன்று வெட்டப்பட்டுள்ளது. தானாக நிற்காத கருவியில் அது ஓயாமல் சுழன்றுகொண்டே இருக்கும். அமெரிக்காவில் அன்று விற்ற தட்டில் அது இல்லை. குறுந்தட்டில் அது சில முறை ஒலித்து மறையும். அதனை முடிவிலாது ஒலிக்கச் செய்வது அந்தப் பள்ளம் ஒன்றே. எழுந்து சென்று ஊசியைத் தூக்கினாலன்றி அது நில்லாது.