சார்தேன் ஓவியமும் கருப்பொருட் கொள்கையும்

பிரெஞ்சு ஓவிய வரலாற்றில் அசையாப்பொருள் ஓவியத்திற்குத் தனிச்சிறப்புத் தேடித் தந்தவர் ழான் சிமெயோன் சார்தேன். இவர் 1699ஆம் ஆண்டு பாரிசு நகரில், பில்லியர்டு மேசை செய்யும் தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1779இல் அந்நகரிலேயே மறைந்தார். புதுச்சேரியில் ஆனந்தரங்கப்பிள்ளை நாட்குறிப்பு எழுதிய காலம் இவர் வாழ்நாளுள் அடங்கும்.

பாரிசின் அரச ஓவியக் கழகம் வரையப்படும் பொருளை நோக்கி ஓவியரைத் தரப்படுத்தியது. கழகத்தின் 1667ஆம் ஆண்டுச் சொற்பொழிவுகளுக்குப் பெலிபியன் எழுதிய முன்னுரையில் வரலாறும் புராணமும் தீட்டுவோர் தலையாயவர். கனியும் மலரும் தீட்டுவோர் கடையாயவர். 1728இல் திருக்கை மீன் ஓவியம் முதலியவற்றைக் காட்டிச் சார்தேன் கழகத்துட் புகுந்தபோது, விலங்கும் கனியும் வரைவதில் வல்லவர் என்றே ஏற்கப்பெற்றார். 1755இல் அதன் பொருளாளரும் ஆனார்.

இவர்தம் நடையை அறிய ஓர் ஓவியம் போதும். 1761ஐ ஒட்டித் தீட்டப்பெற்ற அதில் ஒரு குவளை நீரும், ஒரு காப்பிக் கலமும், சில பூண்டுகளுமே முதன்மையாக உள்ளன. கருநிறக் கலத்தின் அருகே நீரின் தெளிவும் பூண்டின் வெண்மையும் ஒன்றையொன்று விளக்குகின்றன. இவர் ஓவியங்கள் அணுகுவார்க்குக் கலங்கியும் விலகுவார்க்குத் தெளிந்தும் தோன்றுதலை 1763இல் திதெரோ வியந்துரைத்தார்.

ஈண்டுத் தமிழ்ப் பொருளிலக்கணம் ஒப்புநோக்கத் தக்கது. முதல், கரு, உரி என்னும் மூன்றும் முறையே சிறந்தன என்றார் தொல்காப்பியர். தெய்வம், உணா முதலியவற்றோடு அவ்வகைப் பிறவும் கருப்பொருள் என்றமையின், சார்தேனின் கலமும் பூண்டும் அதன்பாற்படும். எனவே இரு கொள்கையும் ஒன்றெனச் சிலர் கருதக்கூடும். அது பொருந்தாது. கழகம் பொருளைக் கொண்டு கலைஞனைத் தரப்படுத்தியது. தொல்காப்பியர் ஒரு பாடலுள் உறுப்புகள் பயன்படும் முறையைக் கூறினார். தெய்வம் ஒழிந்த கருப்பொருளே உள்ளுறைக்கு நிலைக்களன் என்றவரும் அவரே. ஆதலின் கருப்பொருள் இழிந்ததென்பது அவர் கருத்தன்று.

சார்தேனின் அவ்வோவியத்தில் மாந்தர் உருவம் இல்லை. எனினும் குவளையை நிரப்பிய கையையும், பூண்டு உரிக்கவிருக்கும் அடுக்களையையும் காண்பார் உணர்வர். இஃது உள்ளுறை ஆகாது. குறிப்பாற் கொள்ளவேண்டிய பிறிதொரு பொருள் அங்கே அமைக்கப்படவில்லை. ஆயினும், கருப்பொருள் தானே நின்று வாழ்வை உணர்த்தவல்லது என்பதற்குச் சான்றாகும்.

இவர் 1761இல் காட்சிக்கு வைத்த ஸ்ட்ராபெரிக் கூடை ஓவியத்தை, லூவர் அருங்காட்சியகம் 2024இல் பொதுமக்களின் நன்கொடையும் பெற்று வாங்கியது. கழகத்தார் கடையென வைத்த வகைக்கு வாய்த்த இம்மதிப்பு, திணை இலக்கியம் கற்றார்க்கு வியப்பளிக்காது.