குத்தகை ஏலமும் தீர்மானப் புத்தகமும்: தென்காசி, குற்றாலம் உள்ளாட்சி மன்றங்களை வாசிக்கும் முறை குறித்து

தமிழக உள்ளாட்சி மன்றங்களைப் பற்றி எழுதியவர்களில் ஒரு சாரார் நெடுநாளாக ஒரே முடிவைச் சொல்லி வருகிறார்கள். அதிகாரி எழுதி வைத்ததற்குக் கைதூக்கும் இடம்தான் மன்றம் என்பது அந்த முடிவு. அவர்கள் காட்டும் தலையாய சான்று தீர்மானப் புத்தகம். பக்கம் பக்கமாகப் புரட்டினாலும் 'அனுமதிக்கப்பட்டது' என்றே ஒவ்வொரு பொருளும் முடிகிறது. மறுத்ததும் திருத்தியதும் அரிது. ஆகவே மன்றத்துக்கு முடிவெடுக்கும் வலு இல்லை என்கிறார்கள். தென்காசி நகராட்சியையும் அதை ஒட்டிய குற்றாலம் பேரூராட்சியையும் வைத்துப் பார்க்கையில் இந்த முடிவு நிற்கவில்லை என்பது என் வாதம். சான்றில் பழுதில்லை; வாசிப்பில்தான் பழுது.

ஒரு கூட்டப்பொருள் எப்படி அமைகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். மேலே பொருள் எண். அடுத்து, எந்தக் கடிதத்தின், எந்த அரசாணையின் பேரில் இது வருகிறது என்ற பார்வை வரிசை. அதன்கீழ் அலுவலகக் குறிப்பு. 'மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும் வைக்கப்படுகிறது' என்று அது முடியும். பல சமயம் 'மன்றம் அனுமதிக்கலாம்' என்று விடையையும் குறிப்பே எடுத்துக் கொடுத்துவிடும். கடைசியில் தீர்மானம், பெரும்பாலும் ஒற்றைச் சொல். மோட்டார் பழுது பார்த்தது, உடைந்த குடிநீர்க் குழாயை அவசரமாக மாற்றியது போன்றவை வேலை முடிந்தபின் பின்னேற்புக்கு வரும். அங்கே மன்றம் மறுத்தால் என்ன ஆகும்? தண்ணீர் ஏற்கெனவே வந்துவிட்டது. அந்தப் பொருளில் 'அனுமதிக்கப்பட்டது' என்றிருப்பதிலிருந்து மன்றத்தின் வலுவைப் பற்றி எதையும் கறக்க முடியாது.

சட்டம் வேறிடத்தில் முடித்துவிட்ட பொருள்களும் இவ்வாறே. நிலப் பயன்பாட்டை எடுத்துக்கொள்வோம். 74ஆம் அரசமைப்புத் திருத்தத்தின் வழி வந்த 12ஆம் அட்டவணையில் 18 பொருள்கள் உள்ளன. நகரத் திட்டமிடலும் நிலப் பயன்பாட்டு ஒழுங்கும் அவற்றில் முதலிரண்டு. ஆனால் மாநிலம் இவற்றை நகராட்சிக்கு வழங்கலாம் என்றுதான் அரசமைப்பு சொல்கிறது. தமிழ்நாட்டில் 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டமும் அதன்கீழ் இயங்கும் இயக்ககமும் திட்டக் குழுமங்களும் அந்த வேலையை வைத்திருக்கின்றன. சிறு வீடுகளுக்கான அனுமதிகூட ஆணையர் அல்லது செயல் அலுவலர் மட்டத்தில் முடிவது. 2024 ஜூலையில் 2500 சதுர அடி வரையிலான மனையில் 3500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்குச் சுயசான்று முறை வந்தபின் அதுவும் இணையத்துக்குப் போய்விட்டது. குற்றாலத்தில் இதோடு வனத்துறையின் எல்லை, கோயிலின் நிலம், நெடுஞ்சாலையின் ஓரம் ஆகியவையும் சேரும். நீரோட்டத்தைத் திருப்பித் தனியார் விடுதிகள் அமைத்த செயற்கை அருவிகளைப் பற்றி 2022இல் உத்தரவிட்டதும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைதான். இப்படிப்பட்ட ஊரில் மண்டல வரையறை குறித்து மன்றத் தீர்மானத்தைத் தேடுவது, கிணறு இல்லாத தோட்டத்தில் ஏற்றம் தேடுவதுதான்.

எதிர்த்தரப்பு மிகவும் விரும்பிக் காட்டும் சான்று 2022ஆம் ஆண்டுச் சொத்துவரிச் சீராய்வு. அதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அவ்வாண்டு பிப்ரவரி 19இல் தேர்தல், மார்ச் 2இல் பதவியேற்பு, மார்ச் 4இல் தலைவர் தேர்தல். ஒரு மாதம் முடிவதற்குள் வரி உயர்வை அரசு அறிவித்து, மன்றங்கள் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும் என்றது. சென்னைக்கு வெளியே 600 சதுர அடிக்கு உட்பட்ட குடியிருப்புக்கு 25 விழுக்காடு, 1200 வரை 50, 1800 வரை 75, அதற்கு மேல் 100. வணிகக் கட்டடத்துக்கும் 100. பதினைந்தாவது நிதி ஆணையத்தின் மானியம் வேண்டுமென்றால் சொத்துவரிக்கு அடிமட்ட விகிதம் அறிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை பின்னணியில் இருந்தது. விகிதத்தை மன்றம் தீர்மானிக்கவில்லை என்பதில் ஐயமில்லை. இதுவரை நானும் எதிர்த்தரப்பும் ஒரே பக்கம்.

அடுத்த அடியில்தான் பிரிகிறோம். விகிதம் மேலிருந்து வந்ததால் மன்றம் வெறும் முத்திரை என்று அவர்கள் முடித்துக்கொள்கிறார்கள். ஒரே விகிதம் இரண்டு ஊரில் இரண்டு விதமாக விழுந்ததை அவர்கள் கேட்கவே இல்லை. தென்காசி குடியிருப்பு ஊர். சுமை வீட்டுக்காரர்மேல் விரிந்து விழும். குற்றாலத்தில் பெருங்கட்டடம் என்றால் விடுதிதான். சுமை அங்கே குவியும். விடுதி நிரம்புவதும் காலியாவதும் சாரலைப் பொறுத்தது. ஆகவே குற்றாலம் மன்றத்தின் முன் உள்ள நிதிக் கேள்வி வரி விகிதம் பற்றியதாக இல்லை. சாரல் மாதங்களிலும் கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர் வரும் நாட்களிலும் ஊருக்குள் புழங்கும் பணத்தில் எவ்வளவு பேரூராட்சியின் கணக்குக்கு வரும் என்பதே கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை வரிக் கேட்புப் பதிவேட்டில் கிடைக்காது. குத்தகைக் கோப்பில் கிடைக்கும்.

மானியத்தின் கணக்கையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். பதினைந்தாவது நிதி ஆணையம் உள்ளாட்சி மானியத்தை மாநிலங்களுக்குப் பிரித்தபோது மக்கள்தொகைக்கு 90 விழுக்காடும் பரப்பளவுக்கு 10 விழுக்காடும் எடை கொடுத்தது. மாநிலத்துக்குள் நடக்கும் பகிர்விலும் தலைக்கணக்கே ஓங்கி நிற்கிறது. அது 2011ஆம் ஆண்டுத் தலைக்கணக்கு. குற்றாலத்தில் குடியிருப்போர் சில ஆயிரம் பேர், வார்டுகள் 8. குளித்துவிட்டுப் போகிறவர்கள் லட்சக்கணக்கில். அவர்கள் விட்டுப்போகும் குப்பையை அள்ளுவது பேரூராட்சி. அவர்களை எண்ணுவது யாருமில்லை. அந்தப் பள்ளத்தை நிரப்பும் வருவாய்களில் முதன்மையானது வாகன நிறுத்தம், கட்டணக் கழிப்பறை, கடை முதலியவற்றின் குத்தகை.

ஏலப்பொருளை வாசிக்கும்போது எதிர்த்தரப்பின் வாசிப்பு எவ்வளவு மேம்போக்கானது என்பது தெரியும். 'உயர்ந்தபட்ச ஏலத்தொகை அங்கீகரிக்கப்பட்டது' என்ற ஒரு வரிக்குப் பின்னால் என்னவெல்லாம் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். எந்த இடம், அதன் நான்கெல்லை எது, எந்த வண்டிக்கு என்ன கட்டணம், கட்டணப் பலகை எங்கே நிற்கும், டேவணித் தொகை எவ்வளவு, பொது ஏலமா மூடி முத்திரையிட்ட ஒப்பந்தப்புள்ளியா? கேட்பவர் இல்லாவிட்டால் மறு ஏலமா, அல்லது பணியாளர்களை வைத்து நேரடி வசூலா? சென்ற ஆண்டுத் தொகைக்குக் குறைவாகக் கேட்டால் ஏற்பதா என்பதும் இதில் அடங்கும். இவற்றில் எல்லையும் கட்டணமும் நிலப் பயன்பாட்டு முடிவுகளே. புளியரை, செங்கோட்டை வழியாக வரும் கேரள வண்டிகள் எந்தத் திடலில் நிற்கின்றனவோ, அங்கிருந்து அருவிக்குப் போகும் சந்தில்தான் நேந்திரம் சிப்ஸ் கடையும் மங்குஸ்தான் கூடையும் முளைக்கும். நிறுத்தத்தை மாற்றினால் அடுத்த சீசனில் கடைகள் இடம் மாறும், வாடகை மாறும், சில வருடத்தில் அங்கே மாடிக் கட்டடம் எழும். திட்ட வரைபடம் வண்ணம் தீட்டி வைத்திருப்பதைவிட இந்தக் குத்தகை எல்லைதான் ஊரின் வடிவத்தை வேகமாகத் தீர்மானிக்கிறது என்று கருத இடமுண்டு. 2023 ஆகஸ்டில் திருக்குற்றாலநாதர் கோயிலை ஒட்டிய தற்காலிகக் கடைகள் எரிந்தபோது, 'தற்காலிகம்' என்று எழுதி வைத்த ஏற்பாடுகள் நடைமுறையில் எவ்வளவு நெருக்கமாகவும் நிலையாகவும் இருந்தன என்பதை ஊரே பார்த்தது.

மன்றத்துக்கு வலு உண்டு என்பதற்கு இன்னொரு சான்று இருக்கிறது. அது தீர்மானப் புத்தகத்துக்கு வெளியே இருப்பதால் அதிகம் கவனிக்கப்படவில்லை. 2022 தேர்தலில் குற்றாலத்தின் 8 இடங்களில் தி.மு.க.வுக்கு நான்கும் அ.தி.மு.க.வுக்கு நான்குமாக முடிவு வந்தது. கோரம் சேராமல் தலைவர் தேர்தல் தள்ளிப்போனது. கைதூக்க மட்டும்தான் மன்றம் என்றால், எட்டுப் பேர் கொண்ட ஒரு பேரூராட்சியின் நாற்காலிக்கு இவ்வளவு இழுபறி எதற்கு? கட்சி மானம் என்று இதைத் தள்ளிவிடுவோர் உண்டு. சில ஆயிரம் பேர் வாழும் ஊரில் மானத்துக்காக மட்டும் இவ்வளவு நடக்கும் என்று நான் நம்பவில்லை.

2016 அக்டோபருக்கும் 2022 மார்ச்சுக்கும் இடைப்பட்ட காலத்தையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். தேர்தல் நடக்காமல் தனி அலுவலர்கள் ஆட்சி. அலுவலகக் குறிப்பும் அதிகாரி தரப்பு, தீர்மானமும் அதிகாரி தரப்பு. புத்தகத்தின் படிவம் மட்டும் அப்படியே தொடர்ந்தது. மன்றம் இருந்த காலத்துப் பக்கத்துக்கும் இல்லாத காலத்துப் பக்கத்துக்கும் தோற்றத்தில் வேறுபாடு இல்லை என்றால், தோற்றத்தை வைத்து மன்றத்தின் வலுவை அளக்க முடியாது என்றுதானே பொருள்? முன்னைய ஆய்வுகள் இந்த ஐந்தரை ஆண்டைத் தங்கள் கருத்துக்கு ஆதரவாகக் கொள்கின்றன. எனக்கு அது அவர்கள் அளவுகோலையே முறித்துவிடுவதாகப் படுகிறது.

நிலத்தையும் நிதியையும் பார்த்தோம்; இனி முதியோர் பற்றிய முடிவுகளுக்கு வருவோம். இங்கே தீர்மானப் புத்தகம் ஏறத்தாழ மௌனம். காரணம் எளியது: முதியோர் ஓய்வூதியம் வருவாய்த் துறையின் கையில் இருக்கிறது. விண்ணப்பம் இ-சேவை மையத்தில் தொடங்கி, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாகத் தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் மேசைக்குப் போகும். தொகை 2023 ஆகஸ்டிலிருந்து 1200 ரூபாய். அதில் மத்திய அரசின் திட்டப் பங்கு 60 முதல் 79 வயது வரையுள்ளவருக்கு 200 ரூபாய்தான். 80க்கு மேல் 500. பிள்ளைகள் கவனிக்கவில்லை என்ற புகார் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்துக்குப் போகும். வீடு தேடி வரும் ரத்த அழுத்த மாத்திரை, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாகச் சுகாதாரத் துறை தருவது. 12ஆம் அட்டவணையில் நலிந்த பிரிவினரும் மாற்றுத்திறனாளிகளும் பெயர் சொல்லி வருகிறார்கள்; முதியோர் வரவில்லை. மாநில மக்கள்தொகையில் அறுபது வயதைக் கடந்தோர் 2011இல் 10.4 விழுக்காடு, 2021க்கான மதிப்பீடு 13.6. பங்கு ஏறிக்கொண்டே போகிறது. நகராட்சிச் சட்டம் அவர்களை இன்னும் தனியாகப் பார்க்கவில்லை.

இந்த மௌனத்தை மன்றத்தின் அக்கறையின்மை என்று வாசிப்பது இன்னொரு அவசர வாசிப்பு. முதியோர் வேறு தலைப்புகளில் மறைந்து வருகிறார்கள். கழிப்பறைக் குத்தகை நிபந்தனையில் மேற்கத்திய இருக்கை ஒன்றாவது வேண்டும் என்று இருக்கிறதா, வாகன நிறுத்தத்திலிருந்து பேரருவிக்கு எவ்வளவு தூரம், இடையில் உட்கார ஒரு திண்ணை உண்டா, நடைபாதையை ஏலக்கடை அடைத்துக்கொள்ள மன்றம் விட்டிருக்கிறதா? முழங்கால் வலியோடு பேரப்பிள்ளைகள் கைபிடித்து வரும் பாட்டிக்கும், அதே தெருவில் குடியிருந்து மருந்து வாங்கப் போகும் தாத்தாவுக்கும் பேரூராட்சி செய்யக்கூடிய முதியோர் சேவை இதுதான். நிலமும் நிதியும் முதுமையும் குத்தகை நிபந்தனை என்ற ஒரே தாளில் சந்திக்கின்றன. 2022 நவம்பர் முதல் கூடத் தொடங்கிய பகுதி சபைகளில் பகல்நேரத்தில் வந்து உட்காரும் ஓய்வு பெரும்பாலும் முதியவர்களுக்கே இருக்கும். அவர்கள் கேட்டது மன்றத்தின் பொருள் பட்டியலில் ஏறியதா என்பதை எதிர்கால ஆய்வு பார்க்க வேண்டும்.

சில மறுப்புகளை எதிர்பார்க்கிறேன். குற்றாலம் ஒரு சுற்றுலா ஊர், அதை வைத்துப் பொதுமைப்படுத்தலாமா என்பார்கள். பேருந்து நிலையமும் சந்தையும் ஏலம் விடாத பேரூராட்சி எது என்று அவர்கள் காட்டட்டும். ஏலத்தில் கேட்பவர்கள் முன்கூட்டியே பேசி முடித்துவிடுகிறார்கள், மன்றம் என்ன செய்யும் என்பது கனமான மறுப்பு. தொகையைப் பொறுத்தவரை அது உண்மையாக இருக்கலாம். எல்லையையும் நிபந்தனையையும் பொறுத்தவரை அப்படிச் சொல்ல முடியாது, ஏனென்றால் அவை ஏலத்துக்கு முன்பே எழுதப்படுகின்றன. எல்லைக்கு வெளியே மன்றத்தின் கை நீளாது என்பதும் சரியே. பழைய குற்றாலம் அருவி ஆயிரப்பேரி ஊராட்சியில் இருக்கிறது. 2024 மே 17 அன்று அங்கே திடீர் வெள்ளத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் இறந்தபின், அருவி யார் பொறுப்பில் இருக்க வேண்டும் என்ற சர்ச்சை வனத்துறைக்கும் உள்ளூருக்கும் இடையே எழுந்தது. அங்கேயும் சர்ச்சையின் நடுவே இருந்தது நுழைவும் நிறுத்தமும் கட்டணமும்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம் போய், 1998ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம் 2023 ஏப்ரல் 13 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. இப்போதுள்ள மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சில் முடியும். தீர்மானப் புத்தகம் எப்படியும் பாதுகாக்கப்படும். குத்தகைக் கோப்புகளுக்கு அந்த உறுதி கிடையாது. இந்தத் துறையில் வேலை செய்வோர் இவ்விரு ஊர்களின் ஏல அறிவிப்புகளையும் நிபந்தனைத் தாள்களையும் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு, படி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.