எபோஷி வில்லியா?

மியாசாகியோட 'பிரின்சஸ் மோனோனோகே' 1997ல வந்துச்சு. கதை நடக்கிறது முரோமாச்சி காலத்து ஜப்பான்ல. எபோஷி காட்டை அழிச்சு இரும்பு உருக்குறா. வனதெய்வத்தோட தலையையே துப்பாக்கியால சுட்டு எடுக்குறா. ஆனா விபசார விடுதிகள்ல விற்கப்பட்ட பெண்களை மீட்டு, உலைத் துருத்தி மிதிக்கிற வேலை கொடுத்தவளும் அவதான். இத்தனைக்கும், அந்த மாதிரி நிஜ உலைகளுக்குள்ள பெண்கள் போகவே தடை இருந்துச்சு! தொழுநோயாளிகளோட புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்டவளும் அவதான். துப்பாக்கி செய்யிறது அவங்கதான்.

காலேஜ்ல பார்த்தப்போ எபோஷியைத் திட்டித் தீர்த்தேன். நான் படிச்சதே, எம். புதுப்பட்டியில எங்க சித்தி வெடி ஆபீஸ்ல சக்கரம் சுத்தின கூலியில. போன லீவுக்கு அவங்களோட உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். வயிறாரச் சோறு, அதட்ட ஆம்பளை இல்லைன்னு துருத்திப் பெண்கள் சிரிக்கிறாங்க.

சித்தி கேட்டாங்க: "சோறு சரி. அந்த முதலாளியம்மா கூலி எவ்வளவு தருது?"