12 பவுண்டு விசை

மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்தில் ஆக்ஸிலரி போலீஸாக நான் இருந்த காலத்தில் இடுப்பில் தொங்கிய ரிவால்வருக்குத் தனிப் பூட்டு கிடையாது. விசையின் கனம்தான் பூட்டு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10. ஆறு தோட்டா பிடிக்கும், நிரப்பினால் ஒரு கிலோவை ஒட்டி வரும். அதைச் சுட ஆள்காட்டி விரல் ஏறக்குறைய 12 பவுண்டு பலம் கொடுக்க வேண்டும். ஐந்து கிலோ அரிசிப் பையை ஒற்றை விரலில் மாட்டித் தூக்கிப் பாருங்கள், தெரியும்.

அந்த ஒரே இழுப்பில் உருளை ஓர் அறை திரும்பி நிற்கும், குதிரை பின்னுக்கு எழும், கடைசியில் குதிரை விடுபட்டுத் தோட்டாவின் பின்பக்கம் அடிக்கும். குதிரையை எழுப்புவதும் விசை, விடுவதும் விசை என்பதால் டபுள் ஆக்‌ஷன். கட்டைவிரலால் குதிரையை முன்கூட்டியே இழுத்து நிறுத்திக்கொண்டால் மூன்று நான்கு பவுண்டு போதும், விரல் பட்டாலே வெடித்துவிடும். எங்களுக்கு அப்படிச் சுட அனுமதியில்லை.

பட்டாளத்தில் ஓய்வு பெற்று வந்த சார்ஜன் ஒருவர்தான் பழக்கினார். லாப்பாங் சாசார் என்ற சுடுகளத்துக்குக் கூட்டிப்போவதற்கு முன்பே, காலித் துப்பாக்கியின் குழல்மேல் பத்துக் காசை வைத்து விசையை இழுக்கச் சொல்வார். காசு விழக் கூடாது. "மெதுவா வேணாம் தம்பி, நிக்காம இழு" என்பார். உருளை பூட்டிக்கொள்ளும் 'டிக்' சத்தம் கேட்ட இடத்தில் தயங்கி, மறுபடி அழுத்தினால் குழல்முனை ஆடிவிடும், காசு தரையில் கிடக்கும். விரல் நுனிக்கு அந்தப் பலம் கிடையாது, முதல் கணுவைப் போட வேண்டும். துப்பாக்கியின் எடையைப்போல் ஐந்து மடங்கு பலத்தோடு இழுக்கிறோம், பிடி தளர்ந்த கையில் அது அசையாமல் என்ன செய்யும்? வலக்கைக்காரப் புதியவன் சுட்ட குண்டெல்லாம் அட்டையின் இடது கீழ் மூலையில் போய்ச் சேரும்.

அந்தக் கனத்தின் அருமையை ஒரு மழை இரவில் பார்த்தேன். கொள்கலன் அடுக்குகளுக்கு நடுவிலிருந்து ஓர் ஆள் ஓடி வந்தான், கையில் ஏதோ பளபளத்தது. என்னோடு நின்றவர் துப்பாக்கியை உருவி, விரலையும் விசையில் வைத்துவிட்டார். வந்தவன் கப்பலுக்குத் திரும்ப நேரமாகிப்போன மாலுமி, கையில் இருந்தது டார்ச். பதற்றத்தில் விரல் தானாக இறுகும், ஆனால் அந்த இறுக்கம் 12 பவுண்டை எட்டவில்லை. மாலுமி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஏணியேறிப் போனான்.

இந்த ஏற்பாட்டுக்கு வயது நூற்றெழுபதுக்கு மேல். 1851-இல் லண்டன் பெருங்கண்காட்சியில் அமெரிக்கர் சாமுவேல் கோல்ட் தம் ரிவால்வரை வைத்திருந்தார், இங்கிலாந்தின் ராபர்ட் ஆடம்ஸ் தம்முடையதை வைத்திருந்தார். கோல்ட்டில் ஒவ்வொரு சூட்டுக்கும் கட்டைவிரலால் குதிரையை இழுக்க வேண்டும். ஆடம்ஸில் கட்டைவிரலுக்கு வேலையே இல்லை, விசையை இழுத்தால் போதும். இழுக்கக் கனம், குறி பிசகும், ஆனால் நெருக்கத்தில் வேகம். காலனிகளில் சண்டை போடப் போன பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கு வேகம்தான் தேவைப்பட்டது. 1856-இல் பியூமாண்ட் என்ற ராணுவ அதிகாரி இரண்டு முறைகளையும் ஒரே துப்பாக்கியில் சேர்த்தார். அதன் பிறகு வந்த வெப்லி ரிவால்வர்களும் அந்த வழியில்தான்.

மறுபடி ஆடம்ஸின் பக்கம் சாய்ந்தது பிரிட்டிஷ் பட்டாளத்தின் என்ஃபீல்ட் ரிவால்வர். முதல் உலகப் போருக்குப் பின் .455 வெப்லி அதிகம் உதைக்கிறது, குறைந்த பயிற்சியுள்ள சிப்பாய்க்கு ஆகாது என்று .38-க்கு இறங்கினார்கள். 1938-இல் வந்த என்ஃபீல்ட் ரகத்தில் குதிரையின் கொம்பையே வெட்டிவிட்டார்கள், டாங்கிக்குள் ஏறி இறங்குபவர்களுக்கு அது எங்காவது மாட்டிக்கொள்கிறதாம். இழுப்பை எளிதாக்க வில்லைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். அப்படியும் கனம்தான். சிப்பாய்களுக்கு அது பிடிக்கவில்லை. அதே காலத்து .38 வெப்லி கடல் தாண்டிப் போலீஸ் கைக்கு வந்தது. சிங்கப்பூர்ப் போலீசுக்கென்று செய்த வெப்லியில், ரிவால்வரில் அபூர்வமாக, ஒரு பாதுகாப்புப் பூட்டையும் சேர்த்துக் கொடுத்தார்கள். கனம் ஒன்றே போதாது என்று அங்கே யாருக்கோ தோன்றியிருக்கிறது.

அந்த வாதம் இன்றும் ஓயவில்லை. நியூயார்க் போலீஸ் ரிவால்வரை விட்டு அரைத்தானியங்கித் துப்பாக்கிக்கு மாறியபோது, விரல் தவறி வெடிக்கும் என்ற பயத்தில் க்ளாக்குக்கும் 12 பவுண்டு விசையைப் போடச் சொன்னது. 2012 ஆகஸ்டில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு வெளியே ஒரு கொலையாளியை நோக்கி இரண்டு போலீஸ்காரர்கள் 16 குண்டுகள் சுட்டார்கள். சுற்றி நின்ற ஒன்பது பேர் காயப்பட்டார்கள். அந்த விசையின் கனத்தைப் பலர் குறை சொன்னார்கள். கனம் தவறான சூட்டைத் தடுக்கும், சரியான சூட்டையும் கோணலாக்கும். இதைச் சுடுகளத்தில் பழகியவன் மறுக்க மாட்டான். ஆனாலும் நான் கனத்தின் பக்கம்தான். கோணலுக்குப் பயிற்சி மருந்து. தெரியாமல் வெடித்ததற்கு மருந்து கிடையாது.

எங்கள் வட்டாரத்தில் துப்பாக்கியின் கதை விசையோடு முடிவதில்லை. 1941-இல், துறைமுகத்துக்குப் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர் இருந்த நாளில், கிள்ளான் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி வேண்டும், தோட்டத்தில் கள்ளுக்கடை கூடாது, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கச் சொல்லக் கூடாது என்பதெல்லாம் கோரிக்கைகள். தமிழ் நேசனில் துணையாசிரியராக இருந்த ஆர்.எச். நாதன் தலைமை தாங்கினார். அவரை மே மாதம் பிடித்து, பிறகு நாடு கடத்தினார்கள். பட்டாளம் சுட்டதில் ஐந்து தொழிலாளர் இறந்தார்கள். துப்பாக்கி எந்தப் பக்கம் இருந்தது என்பதில் அன்று யாருக்கும் குழப்பமில்லை.

1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டதும் மலாயாவில் அவசரகாலம் வந்தது. அதன் பிறகு துரைமார் ரிவால்வர் இல்லாமல் தோட்டத்தைச் சுற்றுவதில்லை. தோட்ட லாரி ஓட்டிய என் பெரியப்பா சொல்வார்: சம்பளத்தன்று பண மூட்டையும் செக்ரோல் என்ற பேர்ப் பதிவேடும் ஒரு பக்கம், ரிவால்வர் ஒரு பக்கம் என்று மேசையில் இருக்கும், கிராணி பேர் வாசிக்க, தொழிலாளி குனிந்து கூலியை எடுப்பான், கண் மட்டும் அந்த இரும்பின்மேல் இருக்கும்.

உரிமமுள்ளவன் கையில் அது தற்காப்பு. மற்றவன் கையில் தூக்கு. உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தாலே மரண தண்டனை என்று அவசரகால விதிகள் சொல்லின. சுட்டானா, யாரையாவது குறிவைத்தானா என்று கேட்க வேண்டியதில்லை. துப்பாக்கி வெடிக்க 12 பவுண்டு அழுத்தம் வேண்டும். சட்டம் வெடிக்க அழுத்தமே வேண்டாம், சட்டைப் பையில் இருந்தால் போதும்.

எஸ்.ஏ. கணபதி அப்படித்தான் போனார். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர். தோட்டம், துறைமுகம், சுரங்கம் என்று பல இனத் தொழிலாளரையும் ஒரே குடைக்குள் கொண்டுவந்த சம்மேளனம் அது. 1948-இல் அதைத் தடை செய்தார்கள். 1949 மார்ச் முதல் தேதி ரவாங் பக்கம் வாட்டர்ஃபால் தோட்டத்தில் கணபதி பிடிபட்டார். ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பது வழக்கு. நேருவின் அரசாங்கம் உயிர்ப்பிச்சை கேட்டுப் பார்த்தது. மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். பிடிபட்டதிலிருந்து தூக்குவரை இரண்டே மாதம். தூக்குக்கு முந்தின நாள்தான் சம்மேளனத்தின் இன்னொரு தலைவரான வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். புடு சிறை இருந்த இடத்தில் இப்போது லாலாபோர்ட் வணிக வளாகம், பழைய வாசல் மட்டும் மிச்சம்.

அதே விதியின் கீழ் சிக்கிய இன்னொரு தமிழர் சாம்பசிவம். துப்பாக்கி ஏந்தியதாக ஒரு குற்றச்சாட்டு, தோட்டா வைத்திருந்ததாக இன்னொன்று. தோட்டாக் குற்றத்திலிருந்து விடுதலை கிடைத்தது, துப்பாக்கிக்கு மறு விசாரணை. அதில் மரண தண்டனை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. ஒரு குற்றத்திலிருந்து விடுதலையானவன் அந்த விஷயத்தில் நிரபராதி என்பதை அடுத்த விசாரணையும் ஏற்றே ஆக வேண்டும், மறு விசாரணையில் அது ஏற்கப்படவில்லை என்று சொல்லி 1950-இல் தண்டனையை ரத்து செய்தார்கள். காமன்வெல்த் நாடுகளின் நீதிமன்றங்களில் இன்றைக்கும் அந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டி வாதாடுகிறார்கள். கணபதிக்கும் சாம்பசிவத்துக்கும் இடையில் நின்றது நேரம்தான். ஒருவருக்கு மேல்முறையீட்டின் எல்லாப் படியும் ஏறக் கிடைத்தது, மற்றவருக்கு இரண்டு மாதம்.

அவசரகாலம் 1960-இல் முடிந்தது, அந்தப் போக்கு முடியவில்லை. அதே ஆண்டு வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் 57-ஆம் பிரிவும் பாதுகாப்புப் பகுதியில் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பவனுக்குக் கட்டாயத் தூக்கு என்றது. 1971-இன் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ், சில குற்றங்களைச் செய்யும்போது கொல்லும் அல்லது காயப்படுத்தும் நோக்கில் சுட்டால், குண்டு யார்மேலும் படாவிட்டாலும் தூக்குதான். நீதிபதிக்குத் தயங்க இடமில்லை. முந்தியது 2012-இல் நீக்கப்பட்டது. பிந்தியதில் இருந்த 'கட்டாயம்' 2023-இல்தான் போனது. தூக்குத் தண்டனை இன்னும் இருக்கிறது, ஆனால் ஆளையும் சூழ்நிலையையும் எடைபோட்டு முடிவுசெய்வது நீதிபதியின் பொறுப்பு.

சம்பளத்துக்குக் காவல் நின்ற எங்களிடம், ஓர் உயிர் போகுமுன் விரல் 12 பவுண்டு யோசிக்க வேண்டும் என்று துப்பாக்கி செய்தவன் எதிர்பார்த்தான். அதே யோசனையைச் சட்டப் புத்தகத்துக்குள் கொண்டுவர இந்த நாட்டுக்கு 75 ஆண்டு ஆகியிருக்கிறது.