ஒளியின் எல்லையும் காமிராவின் கண்ணும்

கண் காண்பதையெல்லாம் காமிரா காண்பதில்லை. மாணவ நண்பர்கள் சுற்றுலா சென்று எடுத்து வரும் படங்களில் இதனைத் தெளிவாகக் காணலாம். கோயில் மண்டபத்தினுள் நிற்கும் தோழரின் முகம் நன்றாக விழுந்திருந்தால், அவருக்குப் பின்னே தெரிய வேண்டிய கோபுரமும் வானமும் வெறும் வெள்ளைத் தாளாகியிருக்கும். கோபுரம் நன்றாக விழுந்திருந்தால், தோழர் கரிக்கட்டை போல் நிற்பார். இரண்டையும் ஒருங்கே கண்ட நமக்கு இது ஏமாற்றமாக இருக்கிறது. இந்தச் சிறிய ஏமாற்றத்துக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அதனைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

ஒரு காட்சியில் மிக இருண்ட இடத்துக்கும் மிக ஒளிர்ந்த இடத்துக்கும் உள்ள வேறுபாட்டை டைனமிக் ரேஞ்ச் என்பர். நாம் அதனை ஒளி எல்லை என்று வழங்குவோம். ஒளிப்படக் கலைஞர் இதனை 'ஸ்டாப்' என்னும் படிகளால் அளப்பர். ஒரு படி ஏறினால் ஒளி இரு மடங்கு. பத்துப் படி ஏறினால் 1,024 மடங்கு. உச்சி வெயிலும் மண்டப நிழலும் கலந்த காட்சி பத்துப் படிகளையும் கடந்து போகும். அச்சிட்ட தாளிலோ வெண்மைக்கும் கருமைக்கும் ஏறத்தாழ 100 மடங்கே வேறுபாடு. குடத்து நீரைச் செம்பில் அடைக்கும் வேலை இது.

முதலில் இதனோடு போராடியவர்களுள் குஸ்தாவ் லெ கிரே என்ற பிரெஞ்சுக் கலைஞரைச் சொல்ல வேண்டும். 1850-களில் அவர் கடலைப் படம்பிடிக்க முற்பட்டார். அக்காலத்துக் கொலோடியன் கண்ணாடித் தகடு நீல ஒளியையே மிக விரைவாக ஏற்கும். வானமோ நீலம். கடலலைகள் தகட்டில் பதிவதற்குள் வானம் அளவுக்கு மீறிப் பதிந்து, அச்சில் மேகமின்றி வெளிறிவிடும். லெ கிரே கடலுக்கு ஒரு தகடும் வானத்துக்கு ஒரு தகடுமாக எடுத்து, தொடுவானக் கோட்டில் இரண்டையும் பொருத்தி ஒரே தாளில் அச்சிட்டார். 1857-ல் தென் பிரான்சின் செத் என்னும் துறைமுகத்தில் எடுத்த 'பேரலை' இவ்வாறு பிறந்ததே. பார்த்தவர் வியந்தனர். ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. ஒரே மேகக்கூட்டம் அவருடைய வெவ்வேறு கடற்படங்களில் மீண்டும் வந்து நிற்கிறது! கடலும் உண்மை, வானமும் உண்மை. இரண்டும் ஒரே வேளையில் சேர்ந்திருந்தன என்பதற்குத்தான் உறுதியில்லை.

நம் நாட்டுக்கும் இச்சிக்கல் வந்தது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த காப்டன் லின்னேயஸ் ட்ரைப் 1858-ல் மதுரை, தஞ்சை முதலிய ஊர்களின் கோயில்களைப் படம்பிடித்தார். அவர் கையாண்ட காகித நெகடிவ்களில் வானம் வெறுமையாக விழுந்தது. அவர் தம் நெகடிவ்கள் பலவற்றின் மேல் தூரிகையால் வண்ணம் தீட்டி மேகங்களை வரவழைத்தார். சிற்பி செதுக்கிய கல்லை உள்ளபடியே காட்டியவர், வானத்தை மட்டும் தாமே செதுக்கிக் கொண்டார். இதனைக் குற்றமாக நான் கருதவில்லை. கருவி கைவிட்ட இடத்தைக் கை நிரப்பியது. ஆனால் அந்த மேகங்களைக் கொண்டு அந்நாளைய மழைக்குறி பார்க்கப் புகுவோர் ஏமாந்து போவர்.

தூரிகைக்குப் பதிலாக அளவுகோலைக் கொண்டு வந்தவர்கள் இங்கிலாந்தில் விட்னெஸ் என்னும் தொழில்நகரில் வாழ்ந்த இருவர்: பெர்டினான்ட் ஹர்ட்டர், வீரோ டிரிஃபீல்ட். 1890-ல் அவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சி, தகட்டின் மேல் விழும் ஒளிக்கும் அதில் உண்டாகும் கருமைக்கும் உள்ள உறவை ஒரு வளைகோடாக வரைந்து காட்டியது. அக்கோடு அடியில் மெல்லத் தொடங்கி, நடுவில் நேராக ஏறி, மேலே தோள் போல் வளையும். அந்தத் தோளில்தான் பிலிமின் கருணை இருந்தது. ஒளி மிகுந்தாலும் அது திடீரென மறுத்துவிடாது. சிறிது சிறிதாகவே ஏற்பதைக் குறைத்துக் கொள்ளும்.

இந்த அளவியலைக் கலைஞர் கையில் கொடுத்தவர் அமெரிக்கரான ஆன்சல் ஆடம்ஸ். 1940-ஐ ஒட்டி, லாஸ் ஏஞ்சல்ஸில் பிரெட் ஆர்ச்சருடன் சேர்ந்து அவர் வகுத்த மண்டல முறை, காட்சியின் ஒளியைக் கருமை முதல் வெண்மை வரை மண்டலங்களாகப் பகுத்தது. நிழலைப் பார்த்து எக்ஸ்போஷரை நிறுத்து, வெளிச்சத்தைப் பார்த்து டெவலப் செய் என்பது நெகடிவ் பிலிமின் நெறி. படம் எவ்வாறு அமையும் என்பதை முன்கூட்டியே மனத்தில் காண வேண்டும் என்று ஆடம்ஸ் வற்புறுத்தினார். 1927-ல் யோசெமிட்டி மலைப்பாறையை மஞ்சள் வடிகட்டியுடன் எடுத்தவர், தம் மனத்திலுள்ள கருவானம் அதில் கிட்டாது என உணர்ந்து, எஞ்சிய கடைசித் தகட்டைச் சிவப்பு வடிகட்டியுடன் எடுத்தார். அவர் காமிராவிலும் பின்புறம் ஒரு தேய்த்த கண்ணாடி உண்டு. அதில் காட்சி தலைகீழாக விழும். ஆனால் அது லென்ஸ் காண்பதைக் காட்டுமே தவிர, தகடு காணப்போவதைக் காட்டாது. பிந்தியதை மனமே காண வேண்டியிருந்தது. 1947-ல் எட்வின் லாண்ட் செய்து காட்டிய உடனடிப் படமும், எடுத்த பின்னர்தான் விடை சொன்னது.

பிலிம் போய் மின்னணு வந்தபோது நெறியே தலைகீழாயிற்று. 1969-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் பாயில், ஸ்மித் என்ற இருவர் வகுத்த சி.சி.டி. என்னும் சில்லைக் கொண்டு, 1975-ல் கோடக் நிறுவனத்தின் ஸ்டீவன் சாசன் ஒரு காமிராவை அமைத்தார். அதன் படத்தில் 10,000 புள்ளிகளே. ஒரு படம் நாடாவில் பதிய 23 விநாடி ஆயிற்று. இத்தகைய சில்லின் ஒவ்வொரு புள்ளியும் மழையில் வைத்த கிண்ணம் போன்றது. ஒளி விழ விழ மின்னூட்டம் நிறையும். நிறைந்தபின் வருவதெல்லாம் வீண். பிலிமின் தோள் இங்கே இல்லை. ஆகவே டிஜிட்டல் காமிராவில் முதலில் காக்க வேண்டியது நிழலை அன்று, வெளிச்சத்தை.

ப்யூஜிபிலிம் நிறுவனம் 2003-ல் அறிவித்த சில்லில் ஒவ்வோர் இடத்திலும் பெரிய கண் ஒன்றும் சிறிய கண் ஒன்றும் அமைந்தன. பெரியது நிழலுக்கு, எளிதில் நிரம்பாத சிறியது வானத்துக்கு. லெ கிரேயின் இரு தகடுகள் ஒரே கணத்தில் ஒன்றுகூடின என்றே சொல்லலாம். பின்னாளில் அந்நிறுவனத்தின் காமிராக்களில் டி.ஆர். 100, 200, 400 என்ற அமைப்புகள் வந்தன. டி.ஆர். 400 என்று வைத்தால் காமிரா இரண்டு படி குறைவாகவே ஒளியைப் பதிக்கும். அதனால் மேகம் தப்பும். பிறகு நிழலையும் நடுநிறங்களையும் கணக்கினால் உயர்த்திக் கொடுக்கும். அடிப்படை உணர்திறன் ஐ.எஸ்.ஓ. 200 ஆன காமிராவில் இதற்குக் குறைந்தது ஐ.எஸ்.ஓ. 800 வேண்டும் என்பது இதனால்தான். இங்கே வேற்றிடத்து வானம் ஒட்டப்படவில்லை, தூரிகையும் இல்லை. அந்தக் கணத்தின் மேகமே நிற்கிறது. அதற்குரிய விலை நிழலில் தோன்றும் மணல் போன்ற புள்ளிகள்.

இனி முன்காட்சி. 1995-ல் காஸியோ க்யூவி-10 காமிராவின் முதுகில் சிறு திரை ஒன்று வந்தது. சில் காண்பதை எடுக்குமுன்னரே அதில் காணலாம். கண்ணாடி மறைக்கும் எஸ்.எல்.ஆர். வகைக்கு இவ்வசதி பரவலாக வந்தது 2006-ஐ ஒட்டியே. இன்றைய கண்ணாடியில்லாக் காமிராக்கள் எக்ஸ்போஷரை மாற்றும்போதே அதன் விளைவையும் திரையில் காட்டுகின்றன. ஆடம்ஸ் மனத்தில் கண்டதில் ஒரு பகுதியைக் கருவியே கண்முன் வைக்கிறது.

ஒரு பகுதி என்றேன். திரையில் காண்பது காட்சியும் அன்று, சில்லில் உள்ளது முழுவதும் அன்று. காமிரா தன் கணக்கை முடித்துத் தரும் தீர்ப்பு. வெயிலில் திரை மங்கித் தோன்றும். அதை நம்பி ஒளியைக் கூட்டுபவர் வானத்தை இழப்பார். திரையின் வெளிச்சத்தைவிட, ஒளிப்பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தை நம்பலாம். அதுவும் பெரும்பாலும் ஜேபெக் படத்தின் கணக்கே. ரா எனப்படும் மூலக்கோப்பில் இன்னும் சிறிது மேகம் மிஞ்சியிருக்கக் கூடும்.

இவ்வமைப்புள்ள காமிரா கிடைக்கும் மாணவர், உச்சிவேளையில் ஒரு மண்டபத்தினுள் நின்று வாயிலை நோக்கி, ஐ.எஸ்.ஓ. 800-ஐ மாற்றாமல், டி.ஆர். 100-இல் ஒரு படமும் டி.ஆர். 400-இல் ஒரு படமும் எடுத்துப் பார்க்கலாம். கோபுரத்தின் விளிம்பையும் தூணின் அடி நிழலையும் பெரிதாக்கி ஒப்பிட்டால், பெற்றது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு என்பது தெரியும்.