பன்றிக்கறி விலக்கு இல்லை, பத்துக் கட்டளை உண்டு: கிறிஸ்தவத்தில் திருச்சட்டத்தின் இடம்

பழைய ஏற்பாட்டின் லேவியர் நூல், 11ஆம் அதிகாரம், பன்றி இறைச்சியையும் துடுப்பும் செதிளும் இல்லாத கடல் உணவையும் விலக்குகிறது. ஆனால், பெரும்பாலான கிறிஸ்தவர்கள் இறாலும் நண்டும் உண்கிறார்கள். அதே வேதாகமம் கூறும் 'கொலை செய்யாதே', 'களவு செய்யாதே' என்ற கட்டளைகளை மட்டும் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகக் கற்றுத் தருகிறார்கள். இந்த வேறுபாடு ஏன்?

எது சட்டம்?

வேதாகமத்தின் முதல் ஐந்து நூல்களில் உள்ள சட்டங்களை, மோசே வழியாக இறைவன் இஸ்ரவேல் மக்களுக்குக் கொடுத்தார் என்பது நம்பிக்கை. எபிரேய மொழியில் இதற்குத் தோரா என்று பெயர். தமிழில் சீர்திருத்த சபையினர் நியாயப்பிரமாணம் என்பர்; கத்தோலிக்கர் திருச்சட்டம் என்பர். யூத மரபு இதில் 613 கட்டளைகளைக் கணக்கிடுகிறது. அவற்றுள் 248 செய்ய வேண்டியவை, 365 செய்யக் கூடாதவை.

இயேசுவின் நிலை

சட்டத்தை அழிக்க அல்ல, நிறைவேற்றவே வந்ததாக இயேசு கூறியதை மத்தேயு நூல் பதிவு செய்கிறது. தலையாய கட்டளை எது என்று கேட்டபோது, இறையன்பு, பிறரன்பு என இரண்டைச் சொன்னார். இரண்டுமே மோசேயின் சட்டத்தில் உள்ளவைதான்.

எருசலேம் முடிவு

திருப்பம் ஏறக்குறைய கி.பி. 49இல் வந்தது. யூதரல்லாதவர்களும் விருத்தசேதனம் செய்து, முழுச் சட்டத்தையும் கைக்கொள்ள வேண்டும் என்று சிலர் வற்புறுத்தினர். பவுலும் பர்னபாவும் இதை எதிர்த்தனர். எருசலேமில் கூடிய தலைவர்கள், பேதுரு, யாக்கோபு ஆகியோரின் கருத்தை ஏற்று, நான்கு விலக்குகளை மட்டும் விதித்தனர். சிலைகளுக்குப் படைத்தவை, இரத்தம், கழுத்து நெரித்துக் கொன்றவற்றின் இறைச்சி, பாலியல் ஒழுக்கக்கேடு ஆகியவையே அவை. முடிவு வேறாக இருந்திருந்தால், கிறிஸ்தவராக விரும்பும் எவரும் முதலில் யூதராக வேண்டியிருந்திருக்கும்.

மீட்பு சட்டத்தால் அல்ல, விசுவாசத்தால் கிடைக்கிறது என்று பவுல் எழுதினார். செயலற்ற விசுவாசம் செத்தது என்கிறது யாக்கோபின் மடல். இந்த இரு குரல்களும் புதிய ஏற்பாட்டிலேயே உள்ளன. பழைய ஏற்பாட்டையே ஒதுக்கச் சொன்ன மார்சியோனை இரண்டாம் நூற்றாண்டில் உரோமைத் திருச்சபை விலக்கியது.

மூன்று பிரிவுகள்

13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இச்சட்டங்களை ஒழுக்கம், சடங்கு, நீதிமுறை என மூன்றாக விளக்கினார். சடங்கும் நீதிமுறையும் இஸ்ரவேலரின் காலத்திற்கு உரியவை. ஒழுக்கச் சட்டம் எல்லாருக்கும் உரியது. சீர்திருத்த சபைகள் பலவும் இப்பிரிவை ஏற்றன. பன்றிக்கறி விலக்கு நீங்கியதற்கும் பத்துக் கட்டளை நிலைத்ததற்கும் இதுவே விளக்கம்.

இன்றைய வேறுபாடுகள்

ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையினர் சனிக்கிழமையையே ஓய்வுநாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். பன்றி இறைச்சியையும் தவிர்க்கிறார்கள். மற்ற சபைகளில் பெரும்பாலானவை ஞாயிறன்று கூடுகின்றன.

பத்துக் கட்டளைகளை எண்ணும் முறையிலும் வேறுபாடு உண்டு. தாய் தந்தையை மதிக்கும் கட்டளை கத்தோலிக்கருக்கும் லூத்தரன் சபையினருக்கும் நான்காவது; மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன் சபையினருக்கு ஐந்தாவது. எண் மாறினாலும் கட்டளை ஒன்றுதான்.